ஆட்டத்துக்கு முதுகு காட்டி நின்றவள்

சோலையம்மாளுக்குப் பந்து விளையாடுகிற பிள்ளை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விஸ்வநத்தம் பெண்கள் கால்பந்து அணியின் ஆட்டம் எங்கே நடந்தாலும், கோட்டுக்கு வெளியே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிற அந்த நாற்பத்து மூன்று வயதுக்காரியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, இதில் உன் பிள்ளை எது என்றுதான். அவளுக்கு இருப்பது ஒரே மகன். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், பந்தைக் கண்டால் ஒதுங்கிப் போகிற ரகம். அணியில் இருக்கிற பதினான்கு பெண்களில் ஒருத்திகூட அவளுக்குச் சொந்தமில்லை. அப்புறம் எதற்கு வருகிறாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இருபத்திரண்டு வருடமாக அவளுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலை. ஒரு அறைக்கு நாலு பேர், அதற்கு மேல் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் பதித்திருக்கிற தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் இருக்கிற கரண்டை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போனபிறகு ஓடக் கூடாது. எதையும் கீழே போடக் கூடாது. உரசக் கூடாது, இழுக்கக் கூடாது, அவசரப்படக் கூடாது. இந்தக் கூடாதுகள் அவள் உடம்பில் ஊறிப்போய், வீட்டில் கரண்டியைக் கீழே வைத்தால்கூடச் சத்தம் வராது. அவள் புருஷன் சங்கிலிமுத்து பட்டாசு லாரிகளில் லோடு ஏற்றுகிறவன். நீ நடக்கியா மிதக்கியாட்டி என்று அவன் கேலி செய்வான். செய்யட்டும். அப்படி மிதந்துதான் அவள் இருபத்திரண்டு வருடமும் முழுசாக வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் கம்பெனி வேனில் இருந்து இறங்கி நடந்தபோது, கண்மாயை ஒட்டிய பொட்டலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு பெண் நிற்பதைப் பார்த்தாள். எதிரே யாரோ பந்தை ஓங்கி உதைத்தார்கள். அந்தப் பெண் நின்ற இடத்தில் இருந்து அப்படியே பக்கவாட்டில் எம்பினாள். காலும் தரையில் இல்லை, கையும் தரையில் இல்லை. முழு உடம்பும் படுத்த வாக்கில் அந்தரத்தில் போயிற்று. பந்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தொப்பென்று விழுந்தாள். புழுதி எழும்பியது. செத்தாள் என்றுதான் சோலையம்மாள் நினைத்தாள், கை தானாக நெஞ்சுக்குப் போய்விட்டது. புழுதி அடங்கியபோது அந்தப் பெண் எழுந்து நின்று, வாயில் இருந்த மண்ணைத் துப்பிவிட்டு, பந்தை உதைத்துவிட்டாள். அவ்வளவுதான். ஒன்றுமே நடக்கவில்லை.

விழுந்தும் ஒன்றும் நடக்கவில்லை. இதுதான் அவளால் நம்ப முடியாதது. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் ஒன்று கீழே விழுந்தால் அதோடு எல்லாம் முடிந்துபோகும். ஒரு கம்பெனி வெடித்த அன்று அவளுடைய அக்காவை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பன்னிரண்டு வருடமாகிறது. வண்டி மட்டும்தான் திரும்பி வந்தது. இங்கே என்னவென்றால், ஒரு பெண் தன்னையே தூக்கித் தரையில் எறிகிறாள், எழுந்திருக்கிறாள், மறுபடியும் எறிகிறாள். சோலையம்மாள் பிரமித்துப்போய் அன்று பொழுது சாயும் வரைக்கும் பொட்டலின் ஓரத்தில் நின்றாள். அந்தப் பெண்ணின் பெயர் ரோஜா, வயது இருபது, அச்சாபீஸில் பெட்டி ஒட்டுகிற வேலை என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றிலிருந்து ஒரு ஆட்டத்தையும் அவள் விட்டதில்லை.

இந்த வருடத்து லீக் ஒரு கொடுமை. எட்டு அணிகள், ஒவ்வொரு அணியோடும் இரண்டு தடவை மோத வேண்டும், ஆக பதினான்கு ஆட்டம். ஜூலையில் பெய்த மழையில் பாதி ஆட்டம் தள்ளிப்போய், கடைசி நாலு வாரத்தில் வந்து குவிந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று. அதுவோ தீபாவளி ஆர்டர் நெருக்குகிற நேரம். கம்பெனிகளில் ஆளைப் பிழிந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். பகலெல்லாம் நின்று பெட்டி ஒட்டிவிட்டு, தீக்குச்சி அடுக்கிவிட்டு வந்த கால்கள் சாயங்காலம் தொண்ணூறு நிமிடம் ஓடினால் என்னவாகும்? ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன.

அருப்புக்கோட்டையில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. அடுத்த வாரம் ஒருத்திக்கு முழங்கால். சாத்தூரில் ஒருத்தி தோள்பட்டை எலும்பு விலகி, கைக்குத் தொட்டில் கட்டிக்கொண்டு வந்தாள். ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பயிற்சி கொடுக்கிற பாண்டிமுருகன், அச்சாபீஸில் மெஷின் ஓட்டுகிறவன், நோட்டில் அடிபட்டவர்கள் பட்டியலில் அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டான். பதினான்கு பத்தானது.

அடிபட்ட ஒவ்வொருத்தி வீட்டுக்கும் சோலையம்மாள் போனாள். கையில் சேவுப் பொட்டலமோ கொய்யாப்பழமோ இருக்கும். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று வீட்டுக்காரர்கள் நினைத்தார்கள். உண்மையில் அவள் போனது வீக்கத்தைப் பார்ப்பதற்கு. பூசணி மாதிரி இருந்த கணுக்கால் அடுத்த வாரம் வடிந்திருக்கும், அதற்கடுத்த வாரம் அந்தப் பெண் அதை ஊன்றி நிற்பாள். தொட்டுப் பார்க்கலாமாட்டி என்று கேட்டுத் தொட்டுப் பார்ப்பாள். ஆறுகிற காயம் என்று ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மலைப்பாக இருக்கும். சாமி கோயிலில் நிற்கும்போதுகூட அவள் அப்படி நின்றதில்லை.

எட்டு அணிகளில் கடைசி இடத்தில் முடிகிற அணிக்கு அடுத்த வருடம் லீக்கில் இடமில்லை. லீக்கே இல்லாத அணிக்கு யார் பிள்ளையை அனுப்புவார்கள்? பாதி வீடுகளில் போதும் நிறுத்து என்று சொல்வதற்கு ஒரு சாக்குக்காகக் காத்திருந்தார்கள். இந்த வருடம் கீழே இறங்கினால் அணியே கலைந்துபோகும் என்பது பாண்டிமுருகனுக்குத் தெரியும், பெண்களுக்குத் தெரியும், அவர்களைவிட நன்றாகச் சோலையம்மாளுக்குத் தெரியும்.

பன்னிரண்டாவது ஆட்டம் ராஜபாளையத்தோடு, சொந்தப் பொட்டலில், ஒரு புதன்கிழமை. பத்துப் பேரை வைத்துக்கொண்டே ஒரு கோல் போட்டு முன்னால் இருந்தார்கள். இன்னும் பத்து நிமிடம் தாங்கினால் தப்பித்த மாதிரிதான். அப்போது தூரத்தில் தொம்மென்று ஒரு சத்தம் வந்தது.

இந்தப் பக்கத்தில் சத்தங்களுக்குப் பஞ்சமில்லை. வெடித்துப் பார்க்கிற வெடி படபடவென்று கேட்கும், அதற்கு யாரும் தலையைத் தூக்கமாட்டார்கள். இடி என்றால் உருண்டுகொண்டு போகும். ஆனால் ஒற்றையாக, மொத்தையாக, காதுக்கு முன்னால் உள்ளங்காலுக்கு வந்து சேர்கிற சத்தம் ஒன்று உண்டு. அதைக் கேட்டால் டீக்கடையில் கிளாஸைப் பிடித்தவனும், பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவனும், மணவறையில் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளையும் ஒன்றுபோலத் தலையைத் தூக்கி, எந்தப் பக்கம் புகை எழுகிறது என்று பார்ப்பார்கள். புகை எழுகிற பக்கத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்று மனது கணக்குப் போடும். பிறகு போனைத் தேடும்.

பொட்டலில் இருந்த பத்துப் பெண்களும் அப்படியே நின்று வானத்தைப் பார்த்தார்கள். ரோஜா கம்பத்தை விட்டு முன்னால் வந்து, குதிகாலைத் தூக்கிக் கிழக்கே பார்த்தாள். அவளுடைய அம்மா செல்வலட்சுமி கிழக்கே ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். ராஜபாளையத்துப் பெண்கள் மில் ஊர்க்காரர்கள், அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிரே யாரும் இல்லாததைப் பார்த்த ஒருத்தி, சந்தேகத்தோடு பந்தை உருட்டிக்கொண்டு போய்க் கோலில் போட்டாள். அவள் மேல் தப்பில்லை. நடுவர் மதுரைக்காரர், எல்லாரும் ஒரே நேரத்தில் சாமி கும்பிடுகிறீர்களா என்று கேட்டார். மதுரைக்காரருக்கு என்ன தெரியும். கல் குவாரியில் வைத்த வெடிதான் என்று தகவல் வந்து சேர்வதற்குள் பெண்கள் நினைவே இல்லாமல் ஓடி, இரண்டாவது கோலும் விழுந்துவிட்டது. இந்த இரண்டு கோலையும் சோலையம்மாளும் பார்க்கவில்லை. அவளும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் பாண்டிமுருகன் கோபப்படவில்லை. அவனுடைய கழுத்தும்தானே திரும்பியது. இனிமேல் சத்தம் வந்தாலும் திரும்பாமல் இருக்கப் பாருங்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எங்கம்மா அங்கன இருக்காண்ணே," என்றாள் ரோஜா. "நான் திருப்பல, கழுத்து தானாத் திரும்புது. கழுத்த என்ன செய்யச் சொல்றீக?"

ஒவ்வொருத்திக்கும் ஏதோ ஒரு பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ அண்ணனோ இருந்தார்கள்.

மறுநாள் கம்பெனியில் மருந்து செலுத்திக்கொண்டிருக்கும்போது சோலையம்மாள் தன் அறையைப் பார்த்தாள். தினமும் இருக்கிற அறைதான், ஆனால் அன்றுதான் பார்த்தாள். நாலு பேர், நாலு பக்கம் பார்த்து, ஒருத்திக்கு ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குப் பின்னால் பொன்னுத்தங்கம் என்ன செய்கிறாள் என்று அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பிப் பார்த்தால் கை தவறும். பொன்னுத்தங்கம் அவள் பக்கத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையில்தான் சோலையம்மாளால் தன் கையை மட்டும் பார்க்க முடிகிறது. இருபத்திரண்டு வருடமாக உயிர் நிற்பதே அந்த நம்பிக்கையில்தான். அவள் கையில் இருந்த வேலையை முடித்து ஓரமாக வைத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மற்ற மூன்று பேரிடமும் பேசினாள்.

சாயங்காலம் பொட்டலுக்குப் போய்ப் பெண்களிடம் சொன்னாள்.

"நீங்க பந்தப் பாருங்க. வானத்த நாங்க பாத்துக்கிடுறோம்."

விஷயம் இதுதான். பொட்டலின் நாலு பக்கமும் நாலு பேர், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, தூரத்தைப் பார்த்து நிற்பார்கள். சத்தம் கேட்டால் அந்தப் பக்கத்துக்காரி வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பாள். துண்டு மேலே இருக்கிற வரைக்கும் புகை இல்லை என்று அர்த்தம். புகையைப் பார்த்தால் துண்டை இறக்கிவிட்டுத் திரும்புவாள். அப்போது எல்லாரும் ஓடலாம், ஆட்டமாவது மண்ணாவது. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ரோஜா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"பொய் சொல்ல மாட்டீகளே? நாங்க செயிக்கணும்னு, பொகைய பாத்துட்டு துண்ட எறக்காம இருக்க மாட்டீகளே?"

"எங்கக்கா மேல சத்தியமா மாட்டேன்ட்டி," என்றாள் சோலையம்மாள்.

பதின்மூன்றாவது ஆட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கே இந்தச் சத்தங்கள் எட்டாது, காவலுக்கு வேலையில்லை. ஆனால் பந்தைத் தடுக்கப் போய் ரோஜாவின் இடது கைச் சுண்டுவிரல் பின்பக்கமாக மடங்கிக்கொண்டது. எலும்பில் கீறல் என்றார்கள். மோதிர விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இன்னும் ஒன்பது விரல் இருக்கிறதே என்று அவள் சொன்னதை ஊரே பேசியது. இன்னும் ஒருத்திக்குத் தொடையில் சதை பிடித்தது, ஒருத்திக்குக் காய்ச்சல். கடைசி ஆட்டத்துக்கு நிற்கக்கூடியவர்கள் எட்டுப் பேர். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் கிடையாது, தோற்றதாக எழுதிவிடுவார்கள். எதிரே விருதுநகர் அணி, முழுசாகப் பதினொரு பேர். தோற்காமல் சமன் செய்தால் போதும், கடைசி இடத்தில் இருந்து தப்பித்துவிடலாம்.

அந்தப் புதன்கிழமை ஒரே அறையில் இருந்து நாலு பேரும் மத்தியானத்தோடு கிளம்புவதைப் பார்த்து போர்மேன் வாயைப் பிளந்தார். சீசன் நேரத்தில் நாலு பேருக்கும் ஒரே நாளில் என்ன என்று கேட்டதற்கு, சாமி காரியம் என்றாள் பொன்னுத்தங்கம். அவளுக்கு கோல் எது கார்னர் எது என்று தெரியாது. முதுகைக் காட்டி நிற்பதில் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நஷ்டமெல்லாம் சோலையம்மாளுக்குத்தான். பாண்டிமுருகனுக்கே அது பொறுக்கவில்லை. இத்தனை ஆட்டம் பார்த்துவிட்டுக் கடைசி ஆட்டத்தைப் பார்க்காமல் இருக்கப் போகிறீர்களா, கிழக்குப் பக்கத்தில் வேறு யாரையாவது நிறுத்துவோம் என்றான்.

"கெழக்க நாந்தான் நிக்கணும் தம்பி," என்றாள் அவள். "வேற யாரு துண்டத் தூக்குனாலும் ரோசா கழுத்து நம்பாது."

சங்கிலிமுத்துவின் தலைத்துண்டு ஒன்றை நீலம் போட்டு வெளுத்துக் கொண்டுவந்திருந்தாள். கிழக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால், பத்தடி தள்ளி, பொட்டலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். எதிரே கருவேலங்காடு, அதற்கு அப்பால் பனைகள், அதற்கும் மேலே வெறும் வானம். விசில் ஊதியது.

ஒரு ஆட்டத்தை முதுகால் பார்ப்பது எப்படி என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் பாதியில் ரோஜா கிழக்குக் கம்பத்தில் நின்றாள், இருவரும் முதுகுக்கு முதுகு. அவள் மூச்சு வாங்குவது கேட்டது. காலை மாற்றி வைப்பது கேட்டது. எனக்கு, எனக்கு என்று அவள் கத்தினால் பந்து உயரத்தில் வருகிறது. உஸ் என்று காற்றை இழுத்தால் விரல் வலிக்கிறது. ஒரு தடவை தரை அதிர்ந்து, புழுதி வந்து சோலையம்மாளின் பின்கழுத்தில் படிந்தது. இத்தனை பக்கத்தில் அவள் எப்போதும் நின்றதில்லை, இத்தனை தெளிவாக எப்போதும் பார்த்ததுமில்லை. இருபத்தைந்தாவது நிமிடத்தில் கூட்டம் மொத்தமும் மூச்சை அடக்கியதில், விருதுநகர் கோல் போட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டாள். அரைமணி கழித்து, இரண்டாவது பாதியில், தகரத்தைத் தட்டுகிற சத்தமும் பெண்களின் கூச்சலும் சேர்ந்து வந்தது. நம்முடையது. அவள் பனைமரங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டாவது பாதியில் பக்கம் மாறியதால் ரோஜா மேற்குக் கம்பத்துக்குப் போய்விட்டாள். இப்போது அவள் முகம் கிழக்கே. பொட்டல் முழுவதையும் தாண்டி, சோலையம்மாளின் முதுகு அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. எழுபதாவது நிமிடம் ஒருத்திக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். மிச்சம் ஏழு. இன்னும் ஒருத்தி விழுந்தால் எல்லாம் போச்சு என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

எண்பத்தோராவது நிமிடம் அந்தச் சத்தம் வந்தது.

உள்ளங்காலுக்குத்தான் முதலில் வந்தது. தொம். கிழக்கே. சோலையம்மாளின் கை யோசிக்கவில்லை, துண்டோடு தலைக்கு மேலே போயிற்று. முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த கால்கள் எல்லாம் ஒரு நொடி நின்றன. அந்த அமைதி அவளுக்குக் கேட்டது. ஏழு பெண்களும் வானத்தைப் பார்க்காமல் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது முதுகில் வெயில் படுவது போலத் தெரிந்தது. பிறகு ரோஜாவின் குரல், தூரத்தில் இருந்து, ஆடுங்கட்டீ என்று வந்தது. கால்கள் மறுபடி ஓடின.

அவள் பனைகளுக்கு மேலே பார்த்தாள். சங்கிலிமுத்து அன்று கிழக்கேதான் லோடு ஏற்றப் போயிருந்தான். அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. புகை உடனே எழாது. தூரத்தில் இருந்தால் மரத்துக்கு மேலே வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதுவரைக்கும் இல்லை என்றும் சொல்ல முடியாது, உண்டு என்றும் சொல்ல முடியாது. துண்டை மட்டும் பிடித்திருக்க வேண்டும். கை ஆடவில்லை, இருபத்திரண்டு வருடம் பழகிய கை.

பின்னால் விசில் ஊதியது. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து, பெனால்டி என்ற வார்த்தை வாய்க்கு வாய் தாவிக்கொண்டு வந்தது. நம்முடைய பெண் ஒருத்தி கோலுக்கு முன்னால் யாரையோ தட்டிவிட்டிருந்தாள். விருதுநகர்க்காரி ஒருத்தி பந்தைப் புள்ளியில் வைக்கப் போகிறாள். கம்பத்துக்கு நடுவே ரோஜா தனியாக நிற்கப் போகிறாள், ஒன்பது விரலோடு. இரண்டு வருடமாக சோலையம்மாள் மழையில் நின்றது, மணிக்கணக்கில் பஸ்ஸுக்குக் காத்திருந்தது, போர்மேனிடம் ஏச்சு வாங்கியது எல்லாம் இந்த மாதிரி ஒரு நிமிடத்தைப் பார்ப்பதற்குத்தான். கழுத்து திரும்பத் துடித்தது. ஒரு நொடி போதும்.

ஆனால் உதைக்கிறவளைத் தாண்டி ரோஜாவின் கண்ணில் படப்போவது இந்த முதுகும் இந்தத் துண்டும்தான். சோலையம்மாள் இப்போது திரும்பினால், ரோஜாவுக்கு அது ஆட்டம் பார்க்கிற ஆசையாகத் தெரியாது. அம்மா போய்விட்டாள் என்றுதான் தெரியும்.

அந்த நேரம் பார்த்துப் பனைகளுக்கு நடுவில் ஒன்று எழும்பியது.

மங்கலாக, அகலமாக, மெதுவாக எழும்பியது. கை தானாக ஒரு சாண் இறங்கப் பார்த்தது. பின்னால் பொட்டல் மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. எங்கக்கா மேல சத்தியம் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. இறக்கவா, வேண்டாமா? பார்த்ததைச் சொல்வதாகத்தானே சத்தியம், பயந்ததைச் சொல்வதாக இல்லையே. அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். மருந்துப் புகை வெள்ளையாகச் சுருண்டு சுருண்டு மேலே ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும், கீழே வரவே வராது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பார்த்த அந்தப் புகை இன்றைக்கும் அவள் கண்ணுக்குள்ளே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இது பழுப்பாக இருந்தது. சுருளவில்லை. பனையின் கழுத்து வரை வந்து, அங்கேயே தயங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கனம் தாங்காமல் கீழே உட்கார்ந்தது.

மண். குவாரி மண். அவள் துண்டை இன்னும் ஒரு சாண் உயர்த்திப் பிடித்தாள்.

அதே நொடியில் பின்னால் காலில் பந்து படுகிற சத்தம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. உலகத்தில் சத்தமே இல்லாமல் போனது போல இருந்தது. பிறகு ஒரு உடம்பு தரையில் விழுகிற சத்தம், தொப்பென்று, அவள் முதல் நாள் கேட்ட அதே சத்தம். பிறகு பொட்டல் வெடித்தது. அத்தனை பேரும் கத்திய கத்தலில் கருவேலங்காட்டில் இருந்து கொக்குகள் கிளம்பி அவள் தலைக்கு மேலே பறந்தன. பிடித்துவிட்டாள். யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்க முடியவில்லை, ஒரு கை துண்டில் இருந்தது, இன்னொரு கை அந்தக் கையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

மிச்சம் இருந்த நிமிடங்களையும் அப்படியே நின்றாள். கடைசி விசில் ஊதியும் நின்றாள். பொன்னுத்தங்கம் வந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டு, முடிஞ்சுருச்சுட்டி, திரும்பு என்று சொன்ன பிறகுதான் திரும்பினாள். தோள் மரத்துப்போயிருந்தது. சமனில் முடிந்தது, கடைசி இடம் வேறு யாருக்கோ போயிற்று. பாண்டிமுருகன் நோட்டை முகத்தில் வைத்து மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

ரோஜா பொட்டலின் குறுக்கே அவளை நோக்கி வந்தாள். முட்டியில் இருந்து கன்னம் வரை மண். விரல் கட்டு அவிழ்ந்து தொங்கியது, சுண்டுவிரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. வந்தவள் சோலையம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேற்குக் கோலுக்குப் போனாள். பந்தைப் புள்ளியில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற, பெனால்டி உதைத்த விருதுநகர்க்காரியிடம் போய் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் சோலையம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையாட்டிக்கொண்டு வந்து பந்துக்குப் பின்னால் நின்றாள்.

என்ன நடக்கப் போகிறது என்று அப்போதுதான் சோலையம்மாளுக்குப் புரிந்தது. விரலை வைத்துக்கொண்டு என்னட்டி கூத்து என்று தடுக்கப் போனாள். யாரும் கேட்கவில்லை. இரண்டு அணிப் பெண்களும் பார்க்க வந்தவர்களும் விலகி நின்று அவளுக்கு வழிவிட்டார்கள்.

விருதுநகர்க்காரி ஓடி வந்து உதைத்தாள். ரோஜா இடது பக்கம் எம்பினாள். முழு உடம்பும் தரையை விட்டுக் கிளம்பி, படுத்த வாக்கில், இரண்டு வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே மாதிரி அந்தரத்தில் போயிற்று. பந்து அவள் விரல் நுனிக்கு ஒரு சாண் தள்ளி, வலைக்குள்ளே போய் விழுந்தது.

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. உதைத்தவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரோஜா மண்ணில் குப்புறக் கிடந்தபடி தலையை மட்டும் தூக்கினாள்.

"அப்பப் பிடிச்சேங்க்கா. சத்தியமாப் பிடிச்சேன்."

சோலையம்மாள் அவளைத் தூக்கிவிடக் கை கொடுத்தாள்.

"எனக்குத் தெரியாதா? நீ பிடிப்பங்கிற தைரியத்துலதானட்டி நான் திரும்பாம நின்னேன்."